மேக்ஸ் கோட்டில் நின்ற பிரேக் ஆயில்

எங்கள் வீட்டு மாருதி 800-ஐ அப்பா 1997-இல் புதிதாக எடுத்தார். கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். பானெட்டைத் திறந்தால் அவர் முதலில் காட்டுவது பிரேக் ஆயில் டப்பாவைத்தான். "பாரு, மேக்ஸ் கோட்டுக்கு ஒரு நூல் கீழ எறங்குனதில்ல" என்பார். ஆயில் நிற்க வேண்டிய மேல் அளவைக் காட்டும் கோடு அது. இறங்காததற்குக் காரணம், இறங்கும்போதெல்லாம் அவர் ஊற்றிக்கொண்டே இருந்ததுதான். 25 வருடம் ஊற்றினார். ஒரு தடவைகூடப் பழையதை வெளியே எடுத்ததில்லை. எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குப் பிரேக் ஆயிலுக்கும் ஆயுள் உண்டு என்று தெரியும்?

2022 ஆடியில், வல்வில் ஓரி விழா சமயத்தில் கொல்லிமலை போயிருந்தோம். அப்பா, அம்மா, மனைவி, நான். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் செம்மேட்டில் மிளகு வாங்கினோம். மூன்று பலாப்பழம் டிக்கியில் ஏறியது. இறங்கும்போது விழாக் கூட்டம். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு பஸ். வேன் ஊர்ந்தால் நானும் ஊர வேண்டும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மலை இறங்கும் பழக்கம் இல்லாத ஆள் செய்கிற காரியம் அது.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பலகையில் எண் இருக்கும். மேலிருந்து வந்தால் 70-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். நாற்பதுக்குக் கீழே வந்த பிறகு பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அடுத்த வளைவில் இன்னும் ஆழம். அதற்கடுத்த வளைவில் பெடல் தரையைத் தொட்டது. பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. எதிர்ப்பே இல்லை.

பட்பட்டென்று நாலைந்து முறை மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தேன். அது கம்பியில் ஓடுவது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுதான் அன்றைக்குக் காப்பாற்றியது. மலைப்பக்கச் சுவரோரம் வண்டி நின்றது. பின்சீட்டில் அம்மா மிளகுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அதைப் பிடித்தால் வண்டி நிற்கும் என்பதுபோல.

மேலே ஏறிவந்த உள்ளூர் ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, பிரேக் ஆயில் கொதிச்சுப்போச்சுங்க. தண்ணி கிண்ணி ஊத்திப்புடாதீங்க, டிஸ்க்கு வெடிச்சுரும். ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்க, பெடல் தானா வந்துரும். அப்புறம் ரெண்டாம் கியர்லயே எறங்குங்க." முக்கால் மணி நேரத்தில் பெடல் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி!

கொதிக்கிறது என்றால் என்ன? பிரேக் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்தத் திரவம்தான். திரவம் அமுங்காது, அதனால் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஆவி அமுங்கும். டிஸ்க்கை இறுக்கும் பேடுக்குப் பின்னால் கொஞ்சம் ஆவி உருவானாலே போதும், பெடல் அந்த ஆவியை நசுக்குவதோடு நின்றுவிடும். ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடலும் வந்துவிடும். அதனால்தான் மறுநாள் ஒர்க்ஷாப்பில் காட்டினால் "நல்லாத்தானே பிடிக்குது" என்பார்கள். பேடிலும், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவிலும் உரசும் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழப்பது வேறு கதை. அப்போது பெடல் கல்லாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் கல்லானால் பேடையும் ஷூவையும் பாருங்கள், பஞ்சானால் ஆயிலைப் பாருங்கள்.

ஊருக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி, நாலு ஆள், பலாப்பழம் எல்லாம் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறோம். அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், 30 டிகிரித் தண்ணீர் 30 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு கல்யாண வீட்டுக் காப்பிக்கு ஆகும் தண்ணீர். அதைச் சின்னத் தட்டு அளவு இரண்டு டிஸ்க்கும் இரண்டு டிரம்மும் தாங்க வேண்டும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் புது ஆயிலாக இருந்திருந்தால் அதே முட்டாள்தனத்தையும் தாங்கியிருக்கலாம். இங்கேதான் அந்த மேக்ஸ் கோட்டின் கதை வருகிறது. நாம் 'ஆயில்' என்று கூப்பிட்டாலும் அது எண்ணெய் இல்லை. கிளைகால் வகை இரசாயனம், தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். கலப்பது மட்டுமில்லை, காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியின் சின்ன மூச்சுத்துளை வழியாக, ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். டாட் (DOT) என்பது டின்னில் போட்டிருக்கும் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும். டாட் 4-க்கு இந்த இரண்டு எண்களும் 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. எங்கள் வண்டியில் 25 வருட ஈரம். எத்தனை டிகிரியில் கொதித்ததோ!

சுருக்கமாகச் சொன்னால், அளவு குறையாமல் இருப்பது ஆயில் நன்றாக இருப்பதற்கு அடையாளம் இல்லை. அப்பா மேலே ஊற்றிய புது ஆயில் டப்பாவிலேயே தங்கிவிடும். சக்கரத்தருகே இருப்பது பெரும்பாலும் பழையதேதான், அங்கே சுழற்சி எதுவும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பேடு தேயத் தேய லெவல் தானாகக் கொஞ்சம் இறங்கும். அது வண்டி நமக்குச் சொல்லும் சேதி. ஊற்றி ஊற்றி அந்தச் சேதியையும் மறைத்துவிடுகிறோம். பிறகு புதுப் பேடு போடும்போது பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், டப்பா பொங்கிப் பெயின்ட்டில் வழியும்.

இனி எந்த ஆயில் என்ற கேள்வி. டப்பா மூடியில் டாட் 3 என்று இருந்தது. உதிரிபாகக் கடையில் மூன்று யோசனை வந்தது. ஒருவர் அதே டாட் 3 போதும் என்றார். இன்னொருவர் டாட் 4. கடைக்கு வந்திருந்த பைக் ஓட்டும் தம்பி ஒருவன், "டாட் 5 போடுங்கண்ணா, நம்பர் ஜாஸ்தி, பவர் ஜாஸ்தி" என்றான். நல்ல வேளை, கடையில் அது இல்லை. 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் குடும்பம், ஒன்றோடொன்று கலக்கலாம். டாட் 5 மட்டும் சிலிக்கோன். மற்றவற்றோடு சேராது. ஈரத்தை இழுக்காது என்பது உண்மைதான், ஆனால் எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் கரைய இடமின்றி அடியில் தனியாகத் தேங்கி அந்த இடத்தையே அரிக்கும். காற்றுக் குமிழிகளையும் எளிதில் விடாது, பெடல் மெத்தென்று இருக்கும். பழைய ஹார்லி டேவிட்சன்களில் கம்பெனியே அதைப் பயன்படுத்தியது. ஷெட்டில் நிறுத்தியே வைக்கும் பழைய வண்டிகளுக்கு, பெயின்ட்டை உரிக்காது என்பதற்காகச் சிலர் போடுவார்கள். அதற்கும் எல்லா ரப்பரையும் மாற்றி லைன் முழுக்கச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். 5-க்கும் 5.1-க்கும் பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல?

நான் டாட் 4 வாங்கினேன். 5.1 எங்கள் வண்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஐந்து வருடம் மாற்றாத 5.1-ஐ விட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் டாட் 3 மேல். அரை லிட்டர் டின்கள் இரண்டு, சீல் உடையாதவை. லூசில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள், திறந்திருந்த நேரமெல்லாம் அது ஈரம் குடித்திருக்கும். அப்பா எந்தக் கம்பெனி டின்னைக் கண்டாலும் 'கிர்லிங் ஆயில்' என்றுதான் சொல்வார். 1962-இல் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பயன்படுத்திய பிராண்டுப் பெயர் அது. அவர் தலைமுறைக்கு பிரேக் என்றாலே அந்தப் பெயர்தான்.

சேந்தமங்கலத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். டப்பாவைத் திறந்ததும் ஒரு வேலை செய்தார். நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய ஆயிலில் நாலு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார். கலங்கிக் கரைந்துவிட்டது. "நல்லது. மேல மெதந்திருந்தா எவனோ எஞ்சின் ஆயிலோ ஸ்டீரிங் ஆயிலோ ஊத்திருக்கான்னு அர்த்தம். அப்புறம் ஒரு ரப்பர் விடாம அத்தனையும் மாத்தணும்." மூடிக்குள் இருந்த ரப்பரையும் நசுக்கிப் பார்த்தார். உப்பியிருந்தாலும் அதே அர்த்தம்தான். ஒரு லாரியில் கிளீனர் பையன் தெரியாமல் ஸ்டீரிங் ஆயிலை ஊற்றி, ரப்பரெல்லாம் ஊதிப்போய் பிரேக் பிடித்தது விடாமல் நாலு சக்கரமும் புகைந்த கதையையும் சொன்னார். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இந்த டம்ளர் சோதனையை முதல் நாளே செய்துவிடலாம், காசு செலவில்லை.

ஏர் எடுக்கும் நிப்பிள்களுக்கு, அதாவது சக்கரத்தருகே ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகுகளுக்கு, முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைக்கச் சொல்லியிருந்தார். அடித்திருந்தேன். அப்படியும் பின்பக்க இடது நிப்பிள் அசையவில்லை. சுத்தியால் மெல்லத் தட்டினார், மறுபடி ஸ்பிரே, மறுபடி தட்டல். ரிங் ஸ்பேனரைப் போட்டு அழுத்தியதும் 'டக்'. நிப்பிள் முறிந்து பாதி ஸ்பேனரோடு வந்தது. பழைய வண்டியில் இந்த வேலையைத் தொடங்கும்முன், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பதை அன்றைக்கு மதியம் ஒன்றரை மணிக்கு, கடை சாத்தியிருந்தபோது கற்றுக்கொண்டேன். வேலை மறுநாளுக்குப் போனது. கழற்றிய சிலிண்டரின் உள்சுவரில் விரல் வைத்தால் நகம் இடறும் அளவுக்குக் குழி. ஆயிலில் சேர்ந்த தண்ணீர் செய்த வேலை. "இதுக்கு ரப்பர் கிட்டு போட்டுப் பிரயோசனமில்ல தம்பி, சொரசொரப்புல புது ரப்பரும் கிழிஞ்சுரும்" என்று முழுச் சிலிண்டரையே மாற்றினார். அப்போதே முன்பக்க ரப்பர் ஹோஸ் இரண்டையும் மாற்றிவிட்டோம். வளைத்துப் பார்த்தால் வறண்ட குளம் மாதிரி விரிசல். பழைய ஹோஸ் உள்ளே உப்பினால் ஆயில் போகும், திரும்பாது. பேடு டிஸ்க்கை விடாமல் உரசும். மலையில் எங்கள் வண்டி அவ்வளவு சூடானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிளஷ், அதாவது பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதியதை நிரப்புவது, கேட்க எளிது. முதலில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பெரிய ஊசிக் குழாயால் டப்பாவில் இருந்த பழையதை உறிஞ்சி எடுத்து, அடிக் கசடைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புது ஆயிலை நிரப்பினோம். இதைச் செய்யாமல் சக்கரத்துக்குப் போனால் டப்பாவின் அழுக்கு முழுவதையும் லைன் வழியாக நாமே அனுப்பி வைப்பதாகும். பிறகு நிப்பிளில் சலைன் டியூப். அதன் மறுமுனை ஒரு பாட்டிலில், கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியபடி. பெடலில் அப்பா, கீழே அண்ணன், டப்பாவில் கண் வைத்து நான்.

"அமுக்குங்க சார்."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே புடிங்க... விடாதீங்க." கால் சுற்றுத் திறப்பார். டியூபில் ஓடும். மூடுவார். "இப்ப விடுங்க."

இந்த வரிசை பிசகக் கூடாது. திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போகும். டாக்டர் வீட்டு நர்ஸ் சொல்வதைக் கேட்கும் நோயாளி மாதிரி அப்பா அத்தனை பணிவாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

டியூபில் முதலில் வந்தது கடுங்காப்பி. உண்மையிலேயே அந்த நிறம், அடியில் காப்பித்தூள் மாதிரி மண்டியும். அப்பா சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அது நம்ம வண்டியிலருந்தா வருது?" என்றார். இருபது, இருபத்தைந்து மிதிக்குப் பிறகு டீ நிறம், பிறகு வெளுத்த தேன், கடைசியில் புது ஆயிலின் நிறம். நிறம் மாறியதும் நிறுத்தாமல் இன்னும் ஐந்தாறு மிதி. எங்கள் வண்டிக்கு, பெடல் மிதித்ததும் ஆயிலை முதலில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கினார்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. எல்லா வண்டிக்கும் இதே வரிசை இல்லை, உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாவது சக்கரத்தில் நான் கோட்டைவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேச்சுக்கொடுத்ததில் டப்பா அடிவரை காலி. மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விட்டது. முதல் சக்கரத்திலிருந்து மறுபடி. இரண்டாவது டின் அதற்குத்தான் பயன்பட்டது. அவசரத்தில் ஊற்றும்போது வலது பென்டரில் கொஞ்சம் சிந்தியது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் போயிருக்கும், நான் துணியால் துடைத்ததோடு விட்டேன். மறுநாள் அங்கே பெயின்ட் ஒரு வெற்றிலை அளவுக்குச் சுருங்கிக் கழன்று வந்தது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வேலையில் நான் அறிந்தவரை யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் நகரும். அந்தப் பகுதி வழவழவென்று இருக்கும். அதைத் தாண்டிய பகுதி 25 வருடமாக எதுவும் தொடாமல் துருவும் கசடும் பிடித்துக் கிடக்கும். ஏர் எடுக்கும்போது நிப்பிள் திறந்திருப்பதால் பெடல் தரைவரை போகும், பிஸ்டனின் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் ஏறி இறங்கிக் கீறிக்கொள்ளும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் அவ்வளவு தூரம் போகாது. அண்ணன் கட்டை வைக்கத்தான் சொன்னார். முதல் முறை வைத்தோம். காற்று ஏறிய பதற்றத்தில் இரண்டாம் முறை வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெரிசலில் நிற்கும்போது, மிதித்த பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்லக் கீழே போனது. எங்கும் ஒழுகல் இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் ரப்பரைத் தாண்டி நழுவுகிறது என்று அர்த்தம். பிளஷ் செய்ததும் யாரும் செய்ய வேண்டிய சோதனை: வண்டியை நிறுத்தி, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் பிடியுங்கள். நின்றால் சரி. ஊர்ந்து இறங்கினால் ஓட்டாதீர்கள். "நல்லாயிருந்த வண்டிய நோண்டிக் கெடுத்துட்டீங்க" என்றார் அப்பா. அரை உண்மை. அந்த ரப்பரும் அந்தத் துருவும் புது ஆயிலால் வந்தவை இல்லை. ஆனால் கட்டை வைத்திருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும் என்பதும் பொய்யில்லை. புது மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். ஏர் எடுத்தது மூன்றாம் முறை. அப்பா இப்போது யாரும் சொல்லாமலே அமுக்குவார், பிடிப்பார், விடுவார்.

மொத்தச் செலவில் ஆயிலின் பங்கு மிகக் குறைவு. டின் இரண்டும் சேர்ந்து நாங்கள் வாங்கிய மூன்று பலாப்பழத்தின் விலைக்குப் பக்கத்தில்தான் வந்தது. மற்றதெல்லாம் இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கு வட்டி.

ஈரம் பார்க்க ஒரு பேனா மாதிரி கருவி விற்கிறது. ஆயிலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும். அதுவும் டப்பாவில் இருப்பதைத்தான் சொல்லும், சக்கரத்தடியில் இருப்பதை இல்லை. நான் வாங்கவில்லை. டப்பா மேல் பேப்பர் டேப் ஒட்டி, மாற்றிய மாதமும் வருடமும் எழுதி வைத்திருக்கிறோம். அப்பாவின் கையெழுத்து. 2024 செப்டம்பரில் அடுத்த முறை மாற்றினோம். அப்போது வந்தது டீ நிறம்கூட இல்லை.

எடுத்த பழைய ஆயிலைக் குளிர்பான பாட்டிலில் வைக்காதீர்கள், அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீடு. எங்களுடையதை ஒர்க்ஷாப்பில் கழிவு ஆயில் டிரம் இருக்குமிடத்தில் கொடுத்துவிட்டோம். டின்னில் மிஞ்சிய கால் பங்குப் புது ஆயிலைப் பற்றித்தான் வீட்டில் சண்டை. திறந்த டின்னை அடுத்த தடவைக்கு வைத்திருக்கக் கூடாது, ஈரம் ஏறிவிடும் என்று நான் சொன்னேன். காசு கொடுத்து வாங்கியதை எப்படிக் கொட்டுவது என்றார் அப்பா. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தாத்தா காலத்து இரும்புப் பெட்டியைத் திண்ணையில் வைத்து, மேலே அந்த ஆயிலைத் துணியில் நனைத்துப் பரப்பியிருந்தார். பழைய பச்சைப் பெயின்ட் தோல்தோலாக உரிந்துகொண்டிருந்தது. கையில் ரப்பர் உறை. என்னைப் பார்த்ததும் பென்டரில் நான் சிந்திய வெற்றிலைத் தழும்பைத் தலையசைத்துக் காட்டிவிட்டு, "உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றார்.